பிரசவ வார்டில் பிடித்த சிறுநீர் கோர்ட்டுக்குப் போகும்போது

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2006இல் ஒரு சட்டம் வந்தது. வீட்டுக்குள்ளேயே மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சுகிறவர்கள், அந்தப் புகைக்கும் ரசாயனத்துக்கும் நடுவே பிள்ளைகளை வைத்திருந்தால் தண்டிப்பதற்காகப் போட்ட சட்டம். கர்ப்பிணியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அரசு வழக்கறிஞர்கள் அதைக் கர்ப்பிணிகள் மேலேயே பாய்ச்சினார்கள். வயிற்றில் இருக்கும் கருவும் அந்தச் சட்டப்படி குழந்தைதான் என்று 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தாலும் 10 ஆண்டு வரை சிறை. பாதிப்பு இருந்தால் 20 வரை. இறந்துவிட்டால் 99 வரை.

கர்ப்பத்தில் போதைப்பொருள் கெடுதல் செய்யாது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த வழக்குகள் எந்தச் சான்றின் மேல் நிற்கின்றன என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாலும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையின் மேல். மருத்துவமனைகளில் முதலில் செய்வது சில நிமிடங்களில் முடிவு சொல்லும் சோதனை. அது போதைப்பொருளை நேரடியாகக் கண்டுபிடிப்பதில்லை. மூலக்கூறின் வடிவத்தை வைத்து ஊகிக்கிறது. வடிவம் ஒத்த வேறு பொருள் இருந்தாலும் பாசிட்டிவ்தான். கர்ப்பகால ரத்தக்கொதிப்புக்கு டாக்டரே எழுதித்தரும் லேபட்டலால் மாத்திரை, ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளாகக் காட்டிவிடக்கூடும். கசகசா சேர்த்த பண்டம் சாப்பிட்டவருக்கு மார்ஃபின் என்று வரலாம். பிரசவ வலிக்காக முதுகுத்தண்டில் செலுத்தும் மருந்தில், போதைப்பொருளாகவும் விற்கப்படும் ஃபென்டனில் என்ற வலிநிவாரணி கலந்திருந்தால், மருத்துவமனை கொடுத்த அந்த மருந்தே பிறகு தாயின் சிறுநீரிலும் குழந்தையின் சிறுநீரிலும் தெரியும். வடிவம் ஒத்த பொருளைப் பிரித்தறிய, மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூலம் உறுதி செய்யும் இரண்டாம் சோதனை வேண்டும். மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவும் வேண்டும். சிகிச்சைக்காகப் பிடித்த மாதிரிக்கு இரண்டுமே பல நேரம் இருக்காது, ஏனென்றால் டாக்டருக்கு அது அடுத்த கேள்வியைக் கேட்க ஒரு துப்பு மட்டுமே. கோர்ட்டில் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. சரியான பாசிட்டிவாகவே இருந்தாலும், பொருள் உடம்புக்குள் போனது என்று மட்டும்தான் தெரியும். கருவுக்கு என்ன ஆனது என்று அது சொல்லாது.

யாரைச் சோதிக்கிறார்கள் என்பது இன்னொரு பிரச்சினை. புளோரிடாவின் பினெல்லஸ் கவுண்டியில் நடந்த ஆய்வு 1990இல் வெளியானது. போதைப்பொருள் தடயம் வெள்ளைப் பெண்களில் 15.4 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 14.1 சதவீதம். ஆனால் அதிகாரிகளிடம் புகார் போனது கறுப்பினப் பெண்கள் மேல் ஏறக்குறைய பத்து மடங்கு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு பொது மருத்துவமனையே போலீசோடு சேர்ந்து, கர்ப்பிணிகளின் சம்மதம் இல்லாமல் சோதித்துக் கைதுக்கு அனுப்பியது. 2001இல் பெர்குசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது.

இறந்து பிறந்த குழந்தை என்றால் நிலைமை இன்னும் மோசம். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, கிருமித்தொற்று, தொப்புள்கொடிச் சிக்கல் என்று காரணங்கள் பல. முழுப் பிரேதப் பரிசோதனையும் நஞ்சுக்கொடிப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணம் தெரியாமல் போவது உண்டு. அந்த வெற்றிடத்தில்தான் போதைப்பொருளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதே தென் கரோலினாவில் 2001இல் ஒரு பெண்ணுக்கு, கொக்கெய்னால்தான் குழந்தை இறந்தது என்று 12 ஆண்டு சிறை. காலாவதியான ஆராய்ச்சியை எதிர்த்து அவருடைய வழக்கறிஞர் சரியாக வாதாடவில்லை என்று 2008இல் அந்தத் தண்டனை ரத்தானது. அதற்குள் பல ஆண்டுகள் உள்ளே கழிந்துவிட்டன.

குழந்தை உயிரோடு பிறந்ததா என்று பார்க்க, இறந்த குழந்தையின் நுரையீரலைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் மூச்சுவிட்டது, மூழ்கினால் இல்லை என்று முடிவு கட்டும் சோதனையும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுப் பழக்கம். உடல் அழுகத் தொடங்கினால் உண்டாகும் வாயுவும், உயிர்ப்பிக்கச் செலுத்திய காற்றும் நுரையீரலை மிதக்கவைக்கும். இதை 2015இல் இந்தியானாவில் ஒரு பெண்ணுக்கு எதிராகச் சாட்சியமாக வைத்தார்கள். 20 ஆண்டு தண்டனை கிடைத்தது, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் குறைந்து அவர் வெளியே வந்தார்.

கர்ப்பத்தில் போதைப்பொருள் எடுத்த பெண்களைத் தண்டிக்கவென்றே டென்னசி மாநிலம் 2014இல் தனிச் சட்டம் போட்டது. சிகிச்சையில் சேர்ந்து முடித்தால் தப்பலாம் என்ற விதிவிலக்கு காகிதத்தில் இருந்தது. கர்ப்பிணியைச் சேர்த்துக்கொள்ளும் சிகிச்சை மையங்களோ மிகக் குறைவு. ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு பழக்கம் உள்ள கர்ப்பிணிக்கு, அதற்கு மாற்றாக மெத்தடோன் அல்லது பூப்ரெனார்ஃபின் என்ற மருந்து கொடுப்பதுதான் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் வழி. திடீரென்று நிறுத்தினால் மறுபடி பழக்கத்தில் விழுந்து, அளவு மீறிச் சாகும் ஆபத்து. கைதுக்குப் பயந்த பெண் டாக்டரிடம் போகமாட்டாள். போனாலும் உண்மையைச் சொல்லமாட்டாள். குழந்தைக்கு இதைவிடக் கெடுதல் என்ன இருக்கிறது? 2016இல் அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்காமல் காலாவதியாக விட்டார்கள்.

ஆனால் வழக்குகள் ஓயவில்லை. நாடு முழுதுக்குமான கருக்கலைப்பு உரிமை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பறிபோன பிறகான ஓராண்டில் மட்டும், கர்ப்பம் தொடர்பாகக் குறைந்தது 210 பெண்கள் மேல் குற்ற வழக்கு.

கர்ப்பிணியிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்காமல் போதைச் சோதனை செய்யக்கூடாது. இரண்டாம் சோதனை முடியும் முன் யாருக்கும் தகவல் போகக்கூடாது. போதைப்பொருள் பாதிப்போடு பிறந்த குழந்தையைக் குழந்தை நலத் துறைக்குத் தெரிவிக்கச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. அந்தத் தகவலை வைத்து வழக்குப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை என அதே சட்டம் சொல்கிறது. போலீசுக்குத் தாங்களாகவே ஃபோன் போடும் மருத்துவமனைகள் அதை நிறுத்த, மேலே இருந்து புதிதாக ஒரு உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.