ஃப்ரீசர் சுவரில் ட்ரில் போடலாமா?

மேல்பக்கம் மூடி திறக்கும் செஸ்ட் ஃப்ரீசரை டிராஃப்ட் பீர் (பீப்பாயிலிருந்து குழாய் வழியாகப் பிடிக்கும் பீர்) பெட்டியாக மாற்றும்போது பக்கச்சுவரில் எங்கே வேண்டுமானாலும் துளை போட்டுக் குழாய் மாட்டலாம், குளிரூட்டும் வாயு ஓடும் பைப் எல்லாம் கம்ப்ரஸர் பக்கம்தான் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க. பெரும்பாலான செஸ்ட் ஃப்ரீசர்களில் அந்த பைப் சுவருக்குள்ளேயேதான் சுற்றிச் சுற்றிப் போகிறது. ட்ரில் பட்டு வாயு வெளியேறினால் பெட்டி காயலான் கடைக்குத்தான். அதிலும் புதிய மாடல்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் (பின்பக்க ஸ்டிக்கரில் போட்டிருக்கும்). நீங்களே பார்க்கலாம்: காலிப் பெட்டியை ஓடவிட்டு உள்சுவரை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் பைப் போகும் தடத்தில் உறைபனி கோடுகோடாகப் படியும், வெளித்தகட்டில் கை வைத்தால் அங்கங்கே சூடு தெரியும். பீர் குழாய்க்கு, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் வைத்து அதில் துளை போடுங்கள்.