விமான வைஃபைக்கு இருபது டாலர் அழுத கதை

நியூயார்க் போகும் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததுமே வைஃபைக்கு இருபது டாலர் கட்டினேன். பதினாலு மணி நேரப் பயணம், மேனேஜருக்கு ஒரு பிபிடி அனுப்பியே ஆகணும், வெறும் 18 எம்பிதான். அப்லோடு காட்டும் நீலக்கோடு பாதி வரை ஊர்ந்து வந்து அப்படியே நின்றது, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. இப்படி மூன்று தடவை. பக்கத்து சீட்டுப் பெரியவர் பைசா கட்டாமல் இலவச மெசேஜிங்கில் பேத்தியோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தது.

நடுவானில் வைஃபை வருவது சாட்டிலைட் வழியாக. அதில் பழைய வகை சாட்டிலைட் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் ஒன்றைத் தட்டினால் அது அங்கே போய், கீழே தரைநிலையத்துக்கு இறங்கி, பதில் அதே வழியில் திரும்பி வர அரை நொடிக்கு மேல் ஆகும். அந்த ஒரே குழாயில் முந்நூறு பேர் வாய் வைத்தால் என்ன வரும், காற்றுதான் வரும். எலான் மஸ்க் கம்பெனியின் ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் கிட்டத்தட்ட 550 கிலோமீட்டரிலேயே சுற்றுவதால் இந்தத் தாமதம் அங்கே பெரிதாக இல்லை. வேடிக்கை என்னவென்றால், கத்தார் ஏர்வேஸ் அந்த நல்ல சரக்கை 2024 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு விமானமாகப் பொருத்தி இலவசமாகத் தருகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் 2023 ஜூலையிலிருந்து அவர்களுடைய பயணிகள் சலுகைத் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் உறுப்பினர் என்றால் எகானமியிலும் வைஃபை இலவசம், உறுப்பினராகச் சேரவும் காசு கிடையாது. இதையெல்லாம் டிக்கெட் போடும்போதே பார்க்காமல் ஏறிய பிறகு கார்டைத் தேய்த்தேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

எம்பி கணக்கில் விற்கும் பேக்கைத் தொடவே தொடாதீர்கள். என் தம்பி ஒரு தடவை 100 எம்பி வாங்கினான், மெயிலைத் திறப்பதற்குள் அவன் போன் கல்யாண போட்டோக்களை பேக்கப் எடுத்து மொத்தத்தையும் விழுங்கிவிட்டது! மணிக்கணக்கு பேக் என்றாலும் அவசரப்படாதீர்கள், இந்திய வான்வெளியில் போன், லேப்டாப்பைப் பயன்படுத்த அனுமதித்த பிறகுதான் இணையமே தரலாம் என்று விதி இருக்கிறது.

பகல் பயணம், சாட்டில் பதில் சொல்கிற மாதிரி வேலை என்றால் பத்து டாலர் வரை கொடுப்பேன். ராத்திரி விமானத்துக்குச் சத்தியமாக மாட்டேன், தூங்கத்தானே போகிறோம். வீட்டில் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குப் பதில் சொல்ல இலவச மெசேஜிங் போதும்.

அந்த பிபிடியா? ஜேஎஃப்கேயில் பெட்டிக்காக நிற்கும்போது ஏர்போர்ட் வைஃபையில் பத்தே நொடியில் போய்விட்டது. மேனேஜர் அதைத் திறந்தது திங்கட்கிழமை.