கருப்பைவாய்ப் பரிசோதனை ஒழுக்கத்துக்கான தேர்வு அன்று

எங்கள் குடும்பக் குழுவில் வந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் அறிவிப்பைக் குழுவிலிருந்த ஒரு பெரியவர் நீக்கிவிட்டார்; இந்த விவகாரம் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால், நடந்ததை முழுதாக மீண்டும் எழுதப் போவதில்லை. நீக்கியதைவிட, நீக்கியதற்கு அந்தப் பெரியவர் சொன்ன காரணம்தான் என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. "நம் வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு? இது வேறு மாதிரியான பெண்களுக்கு வருகிற நோய்" என்று எழுதினார். குழுவில் படித்தவர்கள் இருக்கிறார்கள். மகள்களைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. சிலர் கைகூப்பும் படத்தைப் போட்டு ஆமோதித்தார்கள். அவருடைய வயதுக்கு நான் கொடுக்கும் மரியாதையில் எந்தக் குறையும் இல்லை. அவர் பெயரை இங்கே எழுதவும் மாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. கருப்பையின் வாய்ப்பகுதியில் உள்ள செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றனவா, அல்லது அவற்றை மாற்றக்கூடிய வைரஸ் அங்கே இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த வைரஸின் பெயர் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ள இந்த வைரஸ் குடும்பத்தில் ஒரு டஜனுக்குச் சற்றே மேற்பட்டவைதாம் புற்றுநோய் அபாயம் மிக்கவை. அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். இந்தத் தொடர்பை நிறுவியதற்காகத்தான் ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உடனே ஒருவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும்: "அந்த வைரஸ் உடலுறவு வழியாகத்தானே பரவுகிறது? அப்படியானால் பெரியவர் சொன்னதில் என்ன தவறு?" தவறு முழுக்க அங்கேதான் இருக்கிறது. உடலுறவு வாழ்க்கையைத் தொடங்கிய ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் எச்பிவி தொற்றிவிடுகிறது. தன் வாழ்வில் ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் தொற்றும். தொற்றியது எந்த ஆண்டில், யாரிடமிருந்து என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஏனெனில் அறிகுறி ஏதும் காட்டாமல் அது பல ஆண்டுகள் உடலில் அடங்கிக் கிடக்கும். பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலே அதைக் கட்டுப்படுத்திவிடுகிறது. மிச்சமுள்ள சிலரிடம் அது தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் செல்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. உடலுறவே கொள்ளாத பெண்ணுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் திருமணமாகிக் குழந்தை பெற்ற எந்தப் பெண்ணையும் "இது உனக்கு வராது" என்று சொல்லி அனுப்புவதற்கு மருத்துவத்தில் இடமே இல்லை.

இந்தத் தப்பெண்ணத்தின் வேரைத் தேடிப் போனால் 1842-க்குப் போக வேண்டியிருக்கிறது. இத்தாலியின் வெரோனா நகரில் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இறப்புப் பதிவேடுகளை அலசியபோது, கன்னியாஸ்திரீகளிடம் கருப்பைப் புற்றுநோய் மிக அரிதாக இருந்ததையும் திருமணமான பெண்களிடம் கூடுதலாக இருந்ததையும் கண்டார். அவர் கண்ட வேறுபாட்டில் மறுபக்கம் நின்றவர்கள் திருமணமான பெண்கள். ஊரார் மதிக்கும் மனைவியரும் தாய்மாரும்தான் அவர்கள். அந்த உண்மையை அப்படியே விட்டுவிட்டு, "கெட்டுப்போனவர்களுக்கு வரும் நோய்" என்ற கதையை மட்டும் நாம் எங்கிருந்து எடுத்துக்கொண்டோம் என்பது எனக்குப் புரியவில்லை. மீண்டும் சொல்கிறேன்: இந்தப் பரிசோதனை நடத்தையைப் பற்றியது அன்று.

குழுவில் ஓர் அக்கா, "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நான் ஏன் போக வேண்டும்?" என்று கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; யாரும் அவருக்கு விளக்கியதில்லை. தொந்தரவு இல்லாதவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனையே இருக்கிறது. வைரஸ் தங்கிய நாளிலிருந்து புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும். இந்த நீண்ட காலம் முழுவதும் வலி இருக்காது, இரத்தப்போக்கு இருக்காது, காய்ச்சல்கூட இருக்காது. அந்த அமைதியான ஆண்டுகளில் மாறிய செல்களைக் கண்டுபிடித்துவிட்டால், குளிர்வித்தோ சுட்டோ அழித்துவிடலாம், அல்லது மின்கம்பி வளையத்தால் சிறு பகுதியை நீக்கிவிடலாம்; பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். உடலுறவுக்குப் பின் இரத்தம் படுவது, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் இரத்தம் போவது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவது ஆகியவை தோன்றும்வரை காத்திருந்தவருக்குத் தேவைப்படுவது முன்பரிசோதனை அல்ல. நேரடியான நோயறியும் பரிசோதனை. அதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. சென்ற முறை முடிவு நன்றாக வந்ததே என்று ஆறுதல்பட்டுக்கொண்டும் இருக்கக் கூடாது.

என் சித்தி அப்படித்தான் காத்திருந்தார். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆன பிறகு இரத்தம் பட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. துணிகளைத் தனியாகத் துவைத்து, கண்ணில் படாத இடத்தில் உலர்த்தியிருக்கிறார். இடுப்புவலி தாங்க முடியாமல் போன பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தார்கள். கட்டி சிறுநீர்க் குழாயை நெருக்கத் தொடங்கியிருந்ததால் அவை பெரிதாகப் பயன் தரவில்லை. அவர் படுக்கையில் இருந்தபோது பார்க்க வந்த உறவினர் ஒருவர், அறைக்கு வெளியே நின்று, "அவள் அப்படிப்பட்டவள் இல்லையே, அவளுக்கு எப்படி இது வந்தது?" என்று கேட்டார். அனுதாபமாகத்தான் கேட்டார். கதவு சாத்தியிருக்கவில்லை. அதற்குப் பிறகு சித்தி யார் வந்தாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நோய் கொடுத்த வலிக்கு மருந்து இருந்தது. அந்தக் கேள்வி கொடுத்த வலிக்கு நாங்கள் எதையும் கொடுக்க முடியவில்லை. எனவே குழுவில் அந்தப் பெரியவர் எழுதியதை நான் வெறும் அறியாமையாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால், "ஏன் இவ்வளவு கோபம்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

வெட்கம் என்கிறார்கள். 1928-இல் ஜார்ஜ் பாப்பனிக்கொலாவ் என்ற கிரேக்க மருத்துவர், பெண்ணுறுப்பிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்தே புற்றுநோயை அறியலாம் என்று சொன்னபோது, மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1943-இல் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து அவர் அதை நூலாக வெளியிட்ட பிறகுதான் பாப் ஸ்மியர் என்று இன்று நாம் அழைக்கும் முறை பரவத் தொடங்கியது. அந்த ஆராய்ச்சிக்காகப் பல ஆண்டுகள் தொடர்ந்து தன் உடலிலிருந்து மாதிரி கொடுத்தவர் அவருடைய மனைவி ஆந்திரோமாக்கி. முறையாக மணம் செய்துகொண்ட ஒரு மனைவி தன் உடலைக் கொடுத்து உருவாக்க உதவிய பரிசோதனையைத்தான் "நம் வீட்டுப் பெண்களுக்கு எதற்கு" என்று கேட்கிறோம்.

இனி, நியாயமாகக் கேட்பவர்களுக்கு வருகிறேன். "தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள், இல்லாத நோய்க்குச் சிகிச்சை செய்துவிடுவார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இதில் பொருள் இருக்கிறது. இளம் வயதில் தொற்று மிகச் சாதாரணம், அது தானாகவே மறைந்தும் விடும் என்பதால்தான், பொதுவாகப் பெண்களுக்கு 30 வயதிலிருந்து பரிசோதனையைத் தொடங்குமாறு உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. எச்ஐவி தொற்றுள்ள பெண்களுக்கு அபாயம் ஏறத்தாழ ஆறு மடங்கு என்பதால் அவர்களுக்கு 25 வயதிலிருந்தே. எச்ஐவி இல்லாத பெண்களுக்கு, வைரஸின் மரபணுவைத் தேடும் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை என்றால் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். லேசான செல் மாற்றங்களைப் பெரும்பாலும் உடனே வெட்டுவதில்லை, கவனித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆகவே கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள், இரண்டாவது கருத்தும் பெறுங்கள். ஆனால் அந்தக் கேள்வியைப் போகாமல் இருப்பதற்கான சாக்காக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒருமுறை எச்பிவி பரிசோதனை செய்துகொண்ட பிரிவில் இந்த நோயால் ஏற்பட்ட இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரே ஒருமுறை. அதன் முன்னால் மற்ற எதிர்வாதங்கள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"பொதுவெளியில் இதையெல்லாம் எழுதலாமா, பிள்ளைகள் படிக்க மாட்டார்களா" என்பவர்களுக்கு: படிக்கட்டும்.

"அதுதான் தடுப்பூசி வந்துவிட்டதே" என்பவர்களுக்கு: தடுப்பூசி மிக அவசியம், வைரஸைச் சந்திக்கும் முன்பே, சிறுமிப் பருவத்தில் போட வேண்டும். ஆனால் அது எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ள தொற்றை நீக்குவதும் இல்லை. ஊசி போட்டுக்கொண்ட மகளும் உரிய வயதில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஊசியே இல்லாத காலத்தில் வளர்ந்த அவள் அம்மா இப்போதே போக வேண்டும். உலகச் சுகாதார அமைப்பு 2020-இல் வகுத்த இலக்கில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: 2030-க்குள் 15 வயதுக்கு உட்பட்ட சிறுமியரில் 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி, பெண்களில் 70 விழுக்காட்டினருக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் இன்னொரு முறையும் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. 2022-இல் மட்டும் உலகில் சுமார் 3,50,000 பெண்கள் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். அத்தனை பேரின் ஒழுக்கத்தையும் விசாரித்துவிட்டுத்தான் நாம் இரக்கப்படப் போகிறோமா?

பரிசோதனை அறையில் நடப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் அங்கே அவமானப்பட்டுத் திரும்பிய பெண்கள் மறுபடி போவதில்லை. கால்களை விரித்துப் படுக்கச் சொல்வதும், ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைப்பதும் யாருக்கும் எளிதான அனுபவம் அல்ல. சில நிமிடங்களில் முடியும். அழுத்தமும் கூச்சமும் இருக்கும். வலித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சிறிய அளவுக் கருவியைக் கேட்கலாம். பெண் பணியாளர் உடனிருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். "குழந்தை பெறும்போது இந்த வெட்கம் எங்கே போயிற்று" என்று ஏசும் செவிலியரை நானும் சந்தித்திருக்கிறேன், அதை மன்னிக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கூச்சத்துக்கு இன்று ஒரு மாற்று இருக்கிறது: எச்பிவி பரிசோதனைக்கு, மென்மையான குச்சியைக் கொண்டு பெண் தானே தனிமையில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். நவீன டிஎன்ஏ முறைகளில் அதன் துல்லியம் மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு ஏறத்தாழ இணையானது. போகுமிடத்தில் அந்த வசதி உண்டா என்று கேளுங்கள். மாதவிடாய் நாள்களைத் தவிர்த்துப் போங்கள்; பாப் ஸ்மியர் என்றால் முந்தைய இரண்டு நாள்கள் உடலுறவையும் உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் மனத்தை அரிக்கிறது. அறிவிப்பை நீக்கியவர் ஆண். ஆமோதித்தவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள். இந்த வைரஸை ஆண்களும் சுமக்கிறார்கள், ஆண்களும் பரப்புகிறார்கள், தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆணுறுப்பிலும் அது புற்றுநோயை உண்டாக்கவும் செய்கிறது. ஆனால் ஒழுக்கம் என்ற பேச்சு வரும்போது விசாரணைக் கூண்டில் நிற்பது எப்போதும் மனைவி மட்டும்தான். அவளுடைய கருப்பைவாயைப் பரிசோதிக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அவள் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. சித்தப்பாவின் அனுமதிக்காகச் சித்தி வாழ்நாள் முழுவதும் காத்திருந்தார், சித்தப்பாவோ இப்படி ஒரு பரிசோதனை இருப்பதே தெரியாமல் இருந்தார். எனக்கு அவர்மேலும் கோபம் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது.

இந்தப் பிரச்சினைக்குப் பிறகு, தனக்கு எச்பிவி இருப்பதாக முடிவு வந்திருக்கிறது என்று உள்பெட்டியில் எழுதிய ஒரு தங்கைக்கு மட்டும், அவர் அடையாளம் தெரியாதபடி, இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் வேறு சிலரும் இருக்கலாம். எச்பிவி இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. கணவர் துரோகம் செய்தார் என்றும் பொருளில்லை, நீங்கள் எதையோ மறைத்தீர்கள் என்றும் பொருளில்லை. அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டும், அவ்வளவே. 16 அல்லது 18 வகை என்றால் பெரும்பாலும் நேரடியாகக் கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள், அதாவது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைவாயைப் பார்த்து, தேவைப்பட்டால் சிறு திசு எடுப்பார்கள். மற்ற வகைகளென்றால் செல் பரிசோதனையோ, குறிப்பிட்ட இடைவெளிக்குப் பிறகு மறுபரிசோதனையோ சொல்வார்கள். உங்களுக்குக் கொடுத்திருக்கும் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம், வீட்டில் யார் என்ன சொன்னாலும். துணைக்கு வர ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள், நான் வருகிறேன்.