லைக்கா தியாகம் செய்யவில்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இங்கே பலருக்கும் தெரியும் என்பதால் முழுவதையும் மறுபடி சொல்லப் போவதில்லை; அதைப் பற்றிய என் பதிவின் கீழே வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில். சோவியத் ஒன்றியம் விண்வெளிக்கு அனுப்பிய நாய் லைக்காவைப் பற்றிச் சிறுவர் தொகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த கதையின் கடைசிப் பத்தியை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "மனித குலத்துக்காகத் தன்னுயிரைத் தியாகம் செய்த லைக்கா இன்றும் விண்மீனாக மின்னுகிறது" என்று மாற்றி அச்சிட்டதோடு நில்லாமல், அதையே மேடையில் வாசித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். என் பெயரில்.

தானாக முன்வந்து கொடுப்பதற்குத்தான் தியாகம் என்று பெயர். பிடித்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத் தமிழில் பலி என்று வேறு சொல் இருக்கிறது. கோயில் கிடாயை யாரும் தியாகி என்று அழைப்பதில்லை. சிறுவர் கதைகளில் வரும் நாய் தன் எஜமானைக் காப்பாற்றத் தானே ஆற்றில் குதிக்கிறது. அதை வீரன் என்று சொல்லுங்கள், நானும் கைதட்டுகிறேன். லைக்கா குதிக்கவில்லை.

அது மாஸ்கோ தெருவில் திரிந்த நாய். பசியும் குளிரும் பழகியவை என்பதற்காகவே தெருநாய்களைப் பிடித்தார்கள். 1957 அக்டோபர் 4 அன்று முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்த மறுகணமே, ரஷ்யப் புரட்சியின் 40ஆம் ஆண்டு விழாவுக்குள் இன்னொன்று வேண்டும் என்று சோவியத் தலைவர் குருசேவ் ஆசைப்பட, சுமார் நான்கு வாரங்களில் அவசர அவசரமாகச் செய்யப்பட்ட கலத்தில் திரும்பி வருவதற்கான ஏற்பாடே கிடையாது. அது தெரிந்துதான் நாய்களைப் பயிற்றுவித்த குழுவின் மருத்துவர் யஸ்தோவ்ஸ்கி, புறப்படும் முன்பு, தன் பிள்ளைகளோடு விளையாட லைக்காவை வீட்டுக்குக் கூட்டிச் சென்றார். நவம்பர் 3 அன்று, உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத அறையில் சங்கிலியோடு அது மேலே போனது. நிமிடத்துக்கு 103 ஆக இருந்த நாடித்துடிப்பு 240 வரை ஏறியது. வெப்பம் தாளாமல் சில மணி நேரத்திலேயே செத்துப்போனது. பல நாட்கள் உயிரோடு இருந்ததாகவே உலகத்துக்குச் சொல்லப்பட்டது. உண்மை வெளிவர 2002 ஆனது.

"அப்படியானால் அறிவியலே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அந்த ஆய்வில் பங்கெடுத்த விஞ்ஞானி கசென்கோவே, நாயின் சாவுக்கு ஈடாகும் அளவுக்கு அந்தப் பயணத்தில் தாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று 1998இல் வருந்தினார். அவரைவிட அறிவியல் தெரிந்தவர்கள் என் பதிவின் கீழே நிறையப் பேர் இருப்பதில் மகிழ்ச்சி. நான் கோழி தின்பதையும் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். தின்கிறேன் ஐயா, குழம்பில் கிடப்பதைத் தியாகி என்று சொன்னதில்லை. மகிழ்ச்சியான முடிவுதான் வேண்டுமென்றால், 1960 ஆகஸ்டில் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பிய நாய்கள் பெல்காவும் ஸ்திரெல்காவும் இருக்கின்றனவே! ஸ்திரெல்காவின் குட்டி அமெரிக்க அதிபர் கென்னடி வீட்டுக்கே போனது. அந்தக் கதையைக் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

"குழந்தைகள் அழுவார்கள்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். எனக்கு எட்டு வயதானபோது எங்கள் நாய் மணி காணாமல் போனது. திருச்சி மாமா வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகப் பாட்டி சொன்னார். வீட்டிலிருந்து போகும் ஒவ்வொரு இன்லண்டு கடிதத்தின் மடிப்போரத்திலும் "மணி சௌக்கியமா?" என்று எழுதினேன். "சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறது" என்று மாமாவும் தவறாமல் பதில் போட்டார். இரண்டு வருடம் கழித்துக் கோடை விடுமுறையில் அங்கே போய் இறங்கியதும் கொல்லைக்கு ஓடினேன். துவைக்கிற கல்லும் முருங்கை மரமும்தான் இருந்தன. மணி லாரியில் அடிபட்டுச் செத்ததை அன்றைக்குத்தான் சொன்னார்கள். நான் அழவில்லை; ஆனால் அதற்குப் பிறகு மாமாவுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை.

லைக்காவின் உடலோடு அந்தக் கலம் 1958 ஏப்ரல் 14 அன்று காற்று மண்டலத்தில் எரிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, லைக்கா நட்சத்திரம் எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டாள். மேடையில் இருந்தவர் சற்றும் தயங்காமல் வடக்கே கையைக் காட்டினார்.