பென்ஷன் வாங்கவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது

முதியோர் பென்ஷன் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு தொகையில்தான் போய் நிற்கும். ஆந்திராவில் 4,000 கொடுக்கிறார்களே, இங்கே ஏன் இவ்வளவு குறைவு என்று. நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2011-ல் ஆயிரம் ஆனது. அதற்கு மேல் ஒரு 200 ரூபாய் ஏற 2023 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மத்திய அரசு தன் பங்காகத் தருவது, 80 வயதுக்குக் கீழே என்றால், வெறும் 200 ரூபாய். 2007-லும் அதே 200தான். அதில் இன்றைக்கு அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கினால் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

சரி, தொகை ஏற வேண்டும், அதில் சண்டையில்லை. என் ஆதங்கம் வேறு. இது ஆதரவற்ற முதியவர்களுக்கான பணம். ஆனால் ஆதரவு இருக்கிறவர்களால்தான் இதை வாங்க முடிகிறது.

எங்கள் தென்காசிப் பக்கத்து நடைமுறையைச் சொல்கிறேன். இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். அதற்கு ஓடிபி வர ஒரு போன் வேண்டும், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) என்று விசாரணை. கடைசியில் தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று இருக்கிற தனித் தாசில்தாரின் ஆணை. அலைய ஒரு பேரன், பஸ்ஸில் ஏற்றி இறக்க ஒரு மருமகள் இருக்கிற ஆச்சிக்கு இது எப்படியும் கிடைத்துவிடும். யாருமே இல்லாத ஆச்சி முதல் படியிலேயே நின்றுவிடுகிறாள்.

வயதுச் சிக்கல் இன்னொரு கூத்து. ஆதார் எடுத்தபோது பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு உத்தேசமாக ஒரு வருஷத்தைப் போட்டு ஜனவரி 1 என்று பதிந்துவிட்டார்கள். மூத்த மகள் 50 வயதில் பேரன் எடுத்திருப்பாள், தாயாருக்கு ஆதாரில் 57 ஆகியிருக்கும். ஏழு வயதில் பிள்ளை பெற்றாளா என்று கணினி கேட்பதில்லை. 60 ஆகவில்லை, போய் வா. பிறந்த தேதியை ஒரு தடவைதான் திருத்தலாம், அதற்கும் சான்று வேண்டும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள் எந்தச் சான்றிதழைக் கொண்டுவருவாள்?

பென்ஷன் கிடைத்த பிறகும் கைரேகைப் பாடு இருக்கிறது. நாற்பது வருஷம் பீடி சுற்றிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? "ரேகை விழல, நாளைக்குப் பார்ப்போம்" என்று பணம் கொடுக்க ரேகை மெஷினோடு வருகிறவர் போய்விடுவார். மணியார்டர் காலத்தில் கொண்டுவருகிறவருக்கு டீக்காசு அழ வேண்டியிருந்தது என்பார்கள். இருந்தாலும் அந்த ஆளுக்கு முகம் பார்த்தால் போதும், ரேகை கேட்கமாட்டார்.

எல்லாவற்றையும்விடச் சிரமமானது மகன் விஷயம். விசாரணைக்கு வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "பையன் இருக்கானே, பிறகென்ன?" பையன் திருப்பூரில் இருப்பான். வாடகை, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, சீட்டுப் பணம் போக அவன் கையில் ஒன்றும் தங்காது. தீபாவளிக்கு வந்தால் ஐந்நூறு கொடுத்துவிட்டுப் போவான். இவன் பெயரைச் சொல்லித்தான் தாயாரைத் தள்ளிவிடுகிறார்கள். 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள் படித்தவர்கள். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தரும்படி உத்தரவு போடலாம். வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் நிஜமாகவே உதவுகிறது. எழுதிக் கொடுக்க ஒன்றுமே இல்லாதவளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். "அவனே செரமப்படுதான், அவன் மேல கேஸ் போடச் சொல்லுதியா" என்று நம்மைத்தான் திட்டுவாள். அவள் சொல்வதும் சரிதான். அவனிடம் எடுக்க என்ன இருக்கிறது?

அரசால் வீடு தேடிப் போக முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது, 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரேஷன் பொருளும் வீட்டு வாசலுக்கு வந்தது. இரண்டுமே நல்ல திட்டங்கள், மனதாரச் சொல்கிறேன். மாத்திரை கொண்டுவருகிற பெண்ணுக்கு எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யார் ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறார் என்பது விஏஓவைவிட நன்றாகத் தெரியும். அவள் கையிலேயே பென்ஷன் விண்ணப்பத்தையும் கொடுத்து, ஒரு மனுவுக்கு இவ்வளவு என்று கூலியும் கொடுக்கலாம். தனிநபர் ரேஷன் கார்டுப் பட்டியல் அரசிடமே இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பிக்கலாமே?

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பென்ஷன் வாங்குகிறவர்கள் சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடலாம், விதியிலேயே இருக்கிறது. சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை. அரிசியும் சேலையும் வாங்குகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களை எங்கள் பக்கம் நான் அதிகம் பார்த்ததில்லை. பேரப்பிள்ளைகள் வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தட்டோடு நிற்கக் கூச்சம். அதே வயதுக்காரர்கள் டவுனில் அம்மா உணவகத்தில் 5 ரூபாய் நீட்டி சாம்பார் சாதம் வாங்கி நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். அங்கே அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறவர்கள், அதனால் யார் முகத்தையும் பார்த்து நெளிய வேண்டியதில்லை. கிராமங்களுக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.

இப்படி வீடு தேடிப் போய்க் கொடுத்தால் தகுதியில்லாதவர்கள் புகுந்துவிடுவார்கள் என்று கமென்டில் யாராவது வருவீர்கள். புகத்தான் செய்வார்கள், இப்போதும் புகுந்துதான் இருக்கிறார்கள். தாலுகா ஆபீஸுக்குப் பத்து தடவை நடக்கத் தெம்பும் ஆள்பலமும் உள்ளவர்கள் அவர்கள். இத்தனை கெடுபிடியும் வெளியே நிறுத்தி வைத்திருப்பது, நடக்க முடியாதவர்களைத்தான்.