படத்துக்காகப் பிரித்த புத்தகம்

பாரசீக ஓவியம் என்று யாராவது எதையாவது பகிர்ந்தால் என் கண் முதலில் போவது மூலையில் இருக்கும் எழுத்துக்கு. பெரும்பாலும் அதை வெட்டியிருப்பார்கள். குதிரை, நீலப் பாறை, தங்க வானம் எல்லாம் முழுசாக இருக்கும், கவிதை வரி மட்டும் அரையும் குறையுமாக நிற்கும். எனக்குப் பாரசீகம் படிக்கத் தெரியாது. இருந்தும் பொசுக்கென்று கோபம் வரும்.

இந்த ஓவியங்கள் பெரும்பாலும் கையால் எழுதிய கவிதைப் புத்தகத்தின் தாள்கள். அந்தத் தாளில் முதலில் கை வைத்தவர் கவிதையை அழகாக எழுதிய எழுத்தர்தான். வரிசையாக நூல் கட்டிய அட்டைமேல் தாளை வைத்து விரலால் தேய்ப்பார், மையில்லாத கோடு பதியும். அப்புறம் சாய்வாகச் சீவிய நாணல் பேனா, விளக்குப் புகைக்கரியும் பிசினும் சேர்ந்த மை. பாரசீகக் கவிதைக்குரிய நஸ்தலீக் என்ற எழுத்துமுறை கோட்டின்மேல் சமர்த்தாக உட்காராது, வலப்பக்க மேலிருந்து இடப்பக்கக் கீழே சரிந்து தொங்கும். ஒரே இழுப்பில் நாணலின் அகலம் முழுவதும் தெரியும், அடுத்த நொடி மயிரிழையாக மெலிந்துவிடும்.

படத்துக்கு இடம் விட்டு எழுதுவதும் அவர் வேலை. சரியான ஈரடி சரியான படத்துக்குப் பக்கத்தில் வந்து விழ வேண்டும். இடம் மிஞ்சினால் வரிகளைச் சாய்த்து எழுதி, நடுவில் விழும் முக்கோணங்களைப் தாளில் தங்கத்தால் அலங்காரம் தீட்டுபவருக்கு விட்டுவிடுவார். புரட்டிக்கொண்டே வருகிறவருக்கு வரி சாய்ந்ததுமே தெரிந்துவிடும், படம் வரப்போகிறது என்று.

இப்போது ஈரான் மன்னர் ஷா தஹ்மாஸ்பின் ஷாநாமாவுக்கு வருகிறேன். ஷாநாமா என்பது பாரசீக மன்னர்களைப் பற்றிய காவியம், இது அதன் ஓவியப் பிரதி. 1520களில் தப்ரீஸில் தொடங்கியது. 759 தாள், 258 ஓவியம். 1568இல் உஸ்மானியச் சுல்தான் இரண்டாம் செலிமுக்குப் பரிசாகப் போனது. நானூறு வருஷம் தாக்குப்பிடித்த இந்தப் புத்தகத்தை 1959இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆர்தர் ஹொட்டன் வாங்கி, தாள் தாளாகப் பிரித்தார். 78 ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு, சில ஏலத்துக்கு. இத்தனைக்கும் அவர் அந்த அருங்காட்சியகத்தின் தலைவராகவே இருந்தவர்! மிஞ்சிய 118 ஓவியங்களையும் எழுத்துத் தாள்களையும் 1994இல் ஈரான் திரும்ப வாங்கியது. வியன்னா விமான நிலையத்தில் பண்டமாற்று: பதிலுக்குக் கொடுத்தது நவீன ஓவியர் டி கூனிங் வரைந்த ஒரு பெண்ணின் ஓவியம். 2011இல் லண்டன் ஏலத்தில் ஒற்றைத் தாள் 74 லட்சம் பவுண்டுக்குப் போனது. படம் இருந்த தாள்தான், வேறென்ன.

பிரித்ததால்தானே நாலு ஊர்க்காரர்கள் பார்க்க முடிகிறது என்பார்கள். சரி, பார்க்கிறார்கள். எதை? வரி சாய்ந்த தாள் ஒரு நாட்டில், அது கைகாட்டிய படம் வேறொரு நாட்டில் என்று ஆனபின் அது புத்தகமே இல்லை.

அந்தக் காலத்தில் மரியாதை எழுத்தருக்குத்தான் அதிகம். 1556 முதல் 1565 வரை இளவரசர் இப்ராஹீம் மிர்சாவுக்காக பாரசீகக் கவிஞர் ஜாமியின் ஹஃப்த் அவ்ரங் என்ற கவிதை நூலின் பிரதி உருவானபோது மஷ்ஹத், கஸ்வீன், ஹெராத் என்று மூன்று ஊர்களில் ஐந்து எழுத்தர்கள் எழுதினார்கள். ஐந்து பேர் பெயரும் நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவரான ஷா மஹ்மூத் நிஷாபூரிக்குத் ‘தங்கப் பேனா’ என்றே பட்டம். அந்த நூல் இப்போது வாஷிங்டன் ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹொட்டன் பிரித்த தாள்களைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான தாள்களுக்குப் பின்பக்கமும் உண்டு, நாலு பத்தியில் கவிதை. அது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.