பை பாத்துக்கிடுத ஆளு எங்க உக்காரணும்?

போன ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தது. இன்னும் எனக்கு ஆறல. சோறு வடிக்கும்போதும் அதான் ஓடுது, பிள்ளைக்குத் தலை பின்னும்போதும் அதான் ஓடுது. எழுதித் தீத்தாத்தான் அடங்கும்.

முழுப்பரிச்சை லீவு விட்டா பாளையங்கோட்டையில இருந்து வேன் பிடிச்சு நாங்க குடும்பத்தோட ஒரு தீம் பார்க்குக்குப் போவோம். பதினாலு வருசப் பழக்கம். ஆச்சியில இருந்து கைப்பிள்ளை வரைக்கும் பதினேழு பேரு. அந்த பார்க் பேர இங்க எழுதப் போறதில்ல. போனவங்களுக்கு நான் சொல்லுத நடுமுத்தம் எதுன்னு உடனே தெரியும்.

கேட்டத் தாண்டி ஒரு சின்னத் தெரு மாதிரி போகும். அது முடிஞ்சதும் வட்டமா ஒரு முத்தம். நடுவுல தும்பிக்கையைத் தூக்கித் தண்ணி பீச்சுத கல்யானை. யானையைச் சுத்தி முழங்கால் உயரத்துக்கு ஒரு திண்டு. திண்டுக்கு மேல குடை பிடிச்ச மாதிரி ஏழு புங்கமரம், ரெண்டு வேப்பமரம். ஓரத்துல ஒரு குடிதண்ணிக் குழாய். அங்க இருந்து அஞ்சு பாதை பிரியும்: தண்ணி ரைடுக்கு, ராட்டினத்துக்கு, சின்னப் பிள்ளைங்க பக்கத்துக்கு, சாப்பாட்டுக்கு, அலைக்குளத்துக்கு. அவ்வளவுதான் அது. அங்க ஒரு ரைடும் கிடையாது. ஆனா எங்க வீட்டு ஆல்பத்துல பாதிப் படம் அந்தத் திண்டுல எடுத்ததுதான்.

இந்த வருசம் போனா யானை இல்ல. திண்டு இல்ல. ஒம்பது மரத்துல ஒரே ஒரு வேப்பமரம் ஓரமா ஒத்தையில நிக்கி, அதையும் சுத்திக் கம்பி வேலி. முத்தம் முழுக்கச் சாம்பக் கலர் பேவர் பிளாக். நடுவுல ஆள் உயரத்துக்கு இங்கிலீசு எழுத்து, செல்ஃபி பாயிண்டாம். மூணு பக்கம் எல்இடி திரை, அதுல விளம்பரம். சுத்தி பதினோரு ஸ்டால், எண்ணிட்டு வந்தேன். உக்கார எவர்சில்வர்ல ரெண்டே ரெண்டு பெஞ்சு, சாய்மானம் கிடையாது, அதுவும் நட்ட வெயில்ல. மே மாசம் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அதுல ஒரு பிள்ளை உக்காந்துட்டு வீல்னு கத்திக்கிட்டு எந்திரிச்சதை என் கண்ணால பாத்தேன். தொடையில பட்டையா செவந்துட்டு. திருநெல்வேலிப் பக்கத்து வெயில அறிஞ்சவன் எவனாவது வெயில்ல இரும்பு பெஞ்சு போடுவானா? கேக்கேன்.

எல்லாக் குடும்பத்துலயும் பை பாத்துக்கிடுத ஆளு ஒண்ணு உண்டு. மாத்துத் துணி, செருப்பு, பால்புட்டி, செல்போனு, கழட்டிக் குடுத்த சங்கிலி எல்லாம் அந்த ஆளு மடியிலதான். அநேகமா அது ஒரு பொம்பளையாத்தான் இருக்கும். முழுகாம இருக்கவ, பச்சப் பிள்ளைக்காரி, முட்டு வலிக்காரி, இல்ல வயசான ஒரு ஆளு. நான் கலியாணத்துக்கு முன்ன எல்லா ரைடுலயும் மொத ஆளா ஏறுனவ. பெரிய ராட்டினத்துல ஒரே நாள்ல ஆறு தடவை. பிறகு வயித்துல பிள்ளை வந்துச்சு, ஆச்சிக்குத் துணையா திண்டுல உக்காந்தேன். அப்பதான் அந்த இடத்தோட அருமையே தெரிஞ்சது. எதுலயும் ஏறாத ஆளுக்கும் அந்த பார்க்குல ஒரு பங்கு இருந்துச்சுன்னா அது அந்தத் திண்டுதான். யானைத் தண்ணி சாரலா மூஞ்சியில அடிக்கும். ஆச்சி பக்கத்துல உக்காந்திருக்க தூத்துக்குடிக்காரம்மாகிட்ட ஊரு, உறவு எல்லாம் விசாரிச்சு முடிச்சிருப்பா. அவளும் முழு டிக்கெட் எடுத்துத்தான் உள்ள வாரா.

இந்தத் தடவை ஆச்சிக்கு எழுவத்தாறு வயசு. பத்து நிமிசம் நின்னு பாத்தா, முடியல. சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க நின்ன பையன், “எதாவது வாங்குனாத்தான்க்கா உக்கார விடுவாங்க”ன்னான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, அவனுக்கு மேல இருந்து அப்படி உத்தரவு. ஆச்சி குடிக்காத ஒரு கூல்டிரிங்ஸை வாங்கி முன்னால வச்சுக்கிட்டு அரைமணி நேரம் உக்காந்தோம். காலியானதும் இன்னொண்ணு வாங்கச் சொன்னாங்க.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கிடலாம். அடுத்து நடந்ததுதான் என்னால பொறுக்க முடியாதது. எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: “தொலைஞ்சா யானைகிட்ட வந்து நில்லு.” பதினாலு வருசமா எந்தப் பிள்ளையும் பத்து நிமிசத்துக்கு மேல தொலைஞ்சதில்ல. எங்க அக்கா மவனுக்கு எட்டு வயசு. அலைக்குளத்துல இருந்து வெளிய வந்தவன் கூட்டத்துல பிரிஞ்சுட்டான். அவனுக்குத் தெரிஞ்சது யானைதான், யானையத் தேடிப் போயிருக்கான். இப்ப அஞ்சு பாதைக்கும் அஞ்சு வளைவு கட்டி வச்சிருக்காங்க, அஞ்சும் ஒரே அச்சு, ஒரே கலரு. எதுல இருந்து வந்தோம், எதுக்குள்ள போறோம்னு பெரியவங்களுக்கே பிடிபடல. நாப்பது நிமிசம். நாப்பது நிமிசம் எங்க அக்கா அந்தச் சுடுதரையில செருப்பில்லாம ஓடினா. கடைசியில லாக்கர் ரூம் பக்கத்துல செக்யூரிட்டி அண்ணாச்சி கையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அந்த அண்ணாச்சி நல்ல மனுசன். “எம்மா, புள்ள யானை எங்க, யானை எங்கன்னு அழுதாம்மா, எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல”ன்னாரு. அவரு அங்க வேலைக்குச் சேந்தே ரெண்டு மாசம்தானாம். அவரு யானையைப் பாத்ததே இல்ல.

இது ஏதோ எனக்கு மட்டும் உள்ள பழைய ஞாபகப் பித்துன்னு நினைக்காதீங்க. நான் இந்த பார்க் விசயத்தை வெறியாப் பின்தொடருத ஆளு. பிள்ளை தூங்கினதும் ராத்திரி உலகத்துல உள்ள பார்க் வீடியோ பூரா பாப்பேன். 1955 ஜூலை 17ல கலிபோர்னியாவுல டிஸ்னிலாண்டு திறந்தாங்க. அதுல வால்ட் டிஸ்னி முக்கியமாப் பாத்துப் பாத்துச் செஞ்சது என்ன? நேரா ஒரு தெரு, தெரு முடிவுல வட்டமா ஒரு நடுமுத்தம், அங்க இருந்து சக்கரத்து ஆரக்கால் மாதிரி நாலா பக்கமும் பாதை. தலைய நிமிந்தா கோட்டை தெரியும். அந்தக் கோட்டை அப்படி ஒண்ணும் வானளாவ இல்ல, 77 அடிதான். ஆனா எங்க சுத்துனாலும் நடுவுக்கு வந்து சேந்துட்டா வழி தெரிஞ்சிரும், கால் ஓஞ்சா உக்காந்துக்கிடலாம். அதே சூத்திரத்தை ஜப்பானுக்குக் கொண்டு போனப்ப என்ன பண்ணினாங்க? 1983ல டோக்கியோவுல திறந்த பார்க்குல நுழையுத தெரு முழுக்க மேல கண்ணாடிக் கூரை போட்டாங்க. ஏன்னா அந்த ஊரு மழை. ஊருக்குத் தக்கன கட்டுதது அப்படித்தான். அவங்க ஊருக்கு மழைன்னா நம்ம ஊருக்கு வெயிலு. நமக்கு இங்க கண்ணாடியும் வேண்டாம், கோடிக்கணக்குல செலவும் வேண்டாம். ஏற்கெனவே நின்ன ஒம்பது மரத்தை வெட்டாம இருந்தாப் போதும்.

பெரிய ஆளுங்களும் நடுவுல கை வச்சு மாட்டியிருக்காங்க. புளோரிடாவுல எப்காட்னு ஒரு பார்க், 1982ல திறந்தது. அதோட நடுவுல பெரிய நீரூற்று. திறப்பு விழாவுல பல நாட்டுத் தண்ணியைக் கொண்டாந்து அதுல ஊத்தினாங்க. 2019ல புதுப்பிக்கோம்னு அதை இடிச்சாங்க. மூணு மாடியில பெரிய கட்டடம் வரும்னு படம் காட்டினாங்க. அடுத்த வருசம் கொரோனா, அந்தக் கட்டடத்தையே கைவிட்டாங்க. வருசக்கணக்கா பார்க்குக்கு நடுவுல மறைப்புச் சுவர்தான். 2023 டிசம்பர்லதான் அங்க ஒரு தோட்டத்தைத் திறந்து விட்டாங்க. இதுக்கா நாலு வருசம்னு அந்த ஊரு ரசிகருங்க இன்னும் மனசு ஆறாமக் கிடக்காங்க. அவங்க ஆதங்கம் எனக்கு நல்லாவே புரியுது. ஆனா அங்க தோட்டமாவது குடுத்தாங்க. இங்க தோட்டத்தை எடுத்துட்டுக் கல்லைப் பதிச்சிருக்காங்க.

அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? நம்ம டவுனுக்கு வாங்க. நெல்லையப்பர் கோயிலுக்கும் காந்திமதி அம்மன் கோயிலுக்கும் நடுவுல வெத்திடமாக் கிடந்ததை 1647ல வடமலையப்ப பிள்ளையன் சங்கிலி மண்டபம் கட்டிச் சேத்தாரு. நடந்து போகத்தான் கட்டினாரு, ஆனா நிழலோட கட்டினாரு. இன்னைக்கும் சித்திரை வெயில்ல வெளிய கால் வைக்க முடியாது, உள்ள கல்லு குளுகுளுன்னு இருக்கும், தூணுல சாஞ்சு நாலு பேரு உக்காந்திருப்பாங்க. கோயிலைச் சுத்தி நாலு ரத வீதி. ஆனித் தேரோட்டக் கூட்டத்துல, “பிரிஞ்சுட்டா வாகையடி முக்குல நில்லு”ன்னு சொல்லித்தான் பிள்ளைய விடுவோம். கூட்டம் சேருத இடத்துல ஒரு அடையாளமும் ஒரு நிழலும் வேணும்னு இந்த ஊருக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்ல.

வேன்ல திரும்பி வரும்போது பெரிய சண்டை. எங்க அத்தான், “இப்பதான் போட்டோ நல்லா விழுது, கண்ட இடத்துல மரம் மறைக்கல”ன்னாரு. காலேஜு படிக்க சித்தி மவன், “ரைடு புதுசா வந்திருக்கா இல்லையா, அதைப் பாருக்கா, நடுவுல யாரு நிக்கப் போறா”ன்னான். நீ நிக்க மாட்டடே, உன் செல்போனையும் பர்ஸையும் மடியில வச்சுக்கிட்டு நான்லா நின்னேன்? சித்தப்பா மட்டும் ஒரு நியாயம் சொன்னாரு: “அந்த யானைத் தொட்டி பாசி பிடிச்சு நாறிக் கிடந்துச்சுல்லா, மழை பேஞ்சா முத்தத்துல தண்ணி கெட்டிக் கிடக்கும்லா.” உண்மைதான். போன ரெண்டு வருசமாவே தண்ணி வீச்சம் அடிச்சது, திண்டுல ஓடு பேந்து கிடந்துச்சு. அதைச் சரி பண்ணச் சொல்லித்தான் நாங்களும் கேட்டோம். தொட்டியக் கழுவி, மோட்டாரை மாத்தி, தண்ணி வடிய ஒரு ஓடை வெட்டியிருந்தா முடிஞ்சு போச்சு. பாசி பிடிச்சதுக்காக யானையவே தூக்குவாங்களா?

ஏற்கெனவே தென்காசி ரோட்டை நாலுவழியாக்கும்போது போன மரங்களை நினைச்சா எனக்கு வயிறு எரியும். அதையாவது ரோடுக்குன்னு சொல்லிக்கிடலாம். இது எதுக்கு? பதினோரு ஸ்டாலுக்கு. எங்க மரம் நிழல் குடுத்துச்சோ அங்க இப்ப குடை விக்கான்.

வெளிய வரும்போது கருத்துச் சொல்லச் சொல்லி ஒரு அட்டை குடுத்தாங்க. ரைடுக்கு ஸ்டார், சாப்பாட்டுக்கு ஸ்டார், பாத்ரூமுக்கு ஸ்டார், பணியாளருக்கு ஸ்டார். நடுமுத்தத்துக்குன்னு ஒரு கட்டமே இல்ல. அட்டையத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினேன். நடுவுல பிள்ளைங்க கண்ணுக்குத் தூரத்துல இருந்தே தெரியுத மாதிரி ஒண்ணு வைங்க, யானையா இருந்தாலும் சரி, மயிலா இருந்தாலும் சரி. அஞ்சு வளைவுக்கும் அஞ்சு கலர் அடிங்க. மரம் வளர வருசமாகும், அதுவரைக்கும் தென்னங்கீத்துல பந்தலாவது போடுங்க. சுத்தித் திண்டு கட்டுங்க, காசு கேக்காம உக்கார விடுங்க. கவுண்டர்ல இருந்த பிள்ளை அதை வாங்கி முழுசாப் படிச்சா. “எங்க அம்மாவும் இதைத்தான்க்கா சொன்னாவ”ன்னு மெல்லச் சொல்லிட்டுப் பெட்டிக்குள்ள போட்டா.

ஆச்சி அதுக்குள்ள வேன்ல ஏறிக் காலை நீட்டி உக்காந்திருந்தா. பாதம் ரெண்டும் வீங்கிப் போயிருந்துச்சு. “அடுத்த வருசம் நீங்க மட்டும் போயிட்டு வாங்கட்டி, நான் வீட்டுல கிடக்கேன்”ன்னா. பதினாலு வருசத்துல அவ அப்படிச் சொன்னது இதான் மொதத் தடவை.